எட்டு நாள் சிலந்தி

எட்டு நாளாக அக்கா சிலந்தி வேட்டையில் இறங்கியிருந்தாள்.

பரணில் கிடந்த அட்டைப்பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. திரைச்சீலைகள் மூன்று முறை சோப்பு நீரில் மூழ்கிச் சாயம் போய்த் தொங்கின. ஒட்டடைக் கோல் ஒடிந்து, கயிறு சுற்றி, மறுபடியும் ஒடிந்தது. செல்போன்கூடத் தப்பவில்லை. கூரை மூலையை எட்டிப் பிடிக்க ஸ்டூலில் ஏறியபோது இடுப்பில் செருகியிருந்த போன் நழுவி, கீழே இருந்த வாளியில் விழுந்து செத்தது. அதற்கும் அக்கா இறங்கி வரவில்லை. மூலையை முடித்துவிட்டுத்தான் வாளியில் கையை விட்டாள்.

எல்லாம் தம்பி சொன்ன ஒரு வார்த்தைக்காக.

தம்பியைத் தெருவில் பூச்சிக்காரன் என்பார்கள். பதினாறு வருடமாக வீடு வீடாகப் போய்க் கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கிறவன். போன சனிக்கிழமை அக்காவின் கணவருக்கு உள்ளங்கால் சிவந்து வீங்கியது. மகள் தன் அம்மாவின் போனில் அதைப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பினாள். மாமா குரல் பதிவில் தீர்ப்புச் சொன்னான்: "சிலந்திக் கடிதான். பயப்பட ஒண்ணுமில்ல. சோப்பு போட்டுக் கழுவுங்க, மூணு நாள்ல வத்திடும்."

டாக்டரிடம் போகப் பையை எடுத்து வைத்திருந்த அக்கா, பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கோலை எடுத்தாள். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான்.

பூச்சிக்காரனுக்கு மட்டும் இன்னொரு வரி தெரியும். அவன் அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை.

அப்போது அவன் வேறொரு வீட்டுச் சமையலறைப் பரணுக்குள், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, குப்புறப் படுத்திருந்தான். மருமகளின் குரல் பதிவை மட்டும் கேட்டான். "மாமா, அப்பா கால்ல ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு. வீட்ல சிலந்தி நிறைய இருக்கு. அதுவான்னு பார்த்துச் சொல்லுங்க." கீழே மங்கலாக ஒரு கட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி. தொட்டால்தான் படம் இறங்கும். இறங்கினாலும், பெரிதாக்கிப் பார்க்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். அவன் கழற்றவில்லை. டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையுறைக் கட்டைவிரலால் மைக்கை மட்டும் அழுத்திப் பதில் சொன்னான்.

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அத்தானின் போனிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"டேய், இன்னும் எங்கயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்குடா. அவருக்கு ராத்திரியெல்லாம் ஜுரம். மறுபடி கடிச்சிருக்கும்போல. வந்து ஒரு தடவை மருந்து அடிச்சுட்டுப் போயேன்."

"கால் எப்படி இருக்கு?"

"வீக்கம் கணுக்காலுக்கு ஏறிடுச்சு. நீ வா முதல்ல."

மருந்து அடிக்கும் கைப்பம்பை வண்டியில் கட்டிக்கொண்டு அவன் கிளம்பினான்.

வாசலில் மருமகள் நின்றாள். பதினாறு வயது. எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இன்றைக்கும் வாசலிலேயே விசாரணை தொடங்கியது.

"மூணு நாள்னு சொன்னீங்க மாமா. இன்னையோட எட்டு."

"ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரிம்மா."

"அது படத்தைப் பார்த்தப்பவே தெரியலையா?"

அவன் பம்பைக் கீழே வைப்பதில் மும்முரமானான்.

"வந்தவனை நிக்க வெச்சே கேள்வி கேக்காதடி," என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. கூடவே அக்காவும் வந்தாள். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. கைகளைப் பார்த்தான். சோப்பும் பினாயிலும் தின்று விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

"என்னக்கா கை இது?"

"அதை விடு. நான் வீட்டை ஒழுங்கா வெச்சிருந்தா இதெல்லாம் நடக்குமா? வருஷக்கணக்கா ஒட்டடையைப் பார்த்தும் பார்க்காம இருந்திருக்கேன். இப்ப அவரு அனுபவிக்கிறாரு."

அவளைப் பொறுத்தவரை குற்றவாளி பிடிபட்டாயிற்று. அது அவளேதான்.

கூடத்துக் கட்டிலில் அத்தான் படுத்திருந்தார். கடைசல் பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டுகிறவர். இருபத்தைந்து வருடமாக இரும்பைச் சீவிச் சீவி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. ஜுரத்திலும் அது மழுங்கவில்லை.

"வா மாப்ளே. உன் சொந்தக்காரங்க ஒருத்தரு என்னைக் கவனிச்சுட்டாரு பாரு. கொஞ்சம் சொல்லி வெக்கக்கூடாதா?"

"வலிக்குதா அத்தான்?"

"அதான் அதிசயம். வலியே இல்ல. சர்க்கரை வந்ததுலேருந்து அந்தக் கால் என் பேச்சைக் கேக்கறதில்ல. செருப்பு கழண்டு விழுந்தாலே பத்தடி தாண்டித்தான் எனக்குத் தெரியும்."

அக்கா போர்வையை விலக்கினாள்.

இரண்டாம் விரலுக்குக் கீழே, உள்ளங்காலில், சுற்றிலும் வெளுத்த ஒரு குழி. அதை ஒட்டிய இரண்டு விரல்கள் நீலம் கலந்த கறுப்பில் இருந்தன. கணுக்கால்வரை தோல் பளபளவென்று இழுபட்டு நின்றது. அதைவிட, வாடை. கூரைக்குள் எலி செத்த வீடுகளில் அவனை அழைத்துப்போய் இடத்தைக் காட்டும் அதே வாடை. அக்கா ஊற்றியிருந்த பினாயிலையும் தாண்டி அது வந்தது.

எட்டு நாளில் அவன் ஒரு தடவைகூட வரவில்லை. நான்காம் நாள் அக்கா கேட்டபோதும் போனிலேயே, "பசை அட்டை வெச்சுப் பாருக்கா, என்ன சிக்குதுன்னு தெரியும்," என்று சொல்லி அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினான்.

அந்த அட்டைகளைத்தான் அக்கா இப்போது எடுத்து வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டுப்பாடம் நீட்டுவதுபோல நீட்டினாள். ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதியிருந்தாள். 'கட்டிலுக்கு அடியில், செவ்வாய்.' 'பீரோ பின்புறம், புதன்.'

"இதுல எதுடா அவரைக் கடிச்சது?"

அவன் டார்ச்சைத் தட்டிப் பார்த்தான். எறும்புகள், இரண்டு கரப்பான், ஒரு பல்லிக்குஞ்சு. சிலந்தி என்று ஆறு. நாலு, மூலைகளில் தலைகீழாகத் தொங்கும் நீளக்கால்காரர்கள். தொட்டால் பயத்தில் வலையோடு சேர்ந்து ஆடுகிற பிராணி. அதன் வாய் மனிதத் தோலில் இறங்கினால் பெரிய விஷயம். ஒன்று, ஜன்னலோரம் ஈயைக் குறிவைத்துக் குதிக்கும் பொடிசு. கடைசியாக, சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற பெரிய பழுப்புச் சிலந்தி. பார்க்கிறவர்கள் அலறுவார்கள். அது பாட்டுக்குக் கரப்பானைத் தின்றுவிட்டுப் போகும்.

பதினாறு வருடத்தில் இதுபோல ஆயிரம் அட்டை படித்திருக்கிறான். இது சாதுவான வீடு. இந்த வீட்டில் ஒரு மனிதனின் காலை இப்படி ஆக்கக்கூடிய சிலந்தி எதுவும் இல்லை.

"எது மாமா?" என்றாள் வக்கீல்.

"இதுல இல்ல. சுத்திப் பார்க்கறேன்."

பார்த்தான். ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். வாசல் விளக்கு வெள்ளையாக எரிந்ததால் பூச்சி வந்தது, பூச்சி வந்ததால் சிலந்தி வந்தது, கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்ததால் அது உள்ளே வந்தது. வேறு வீடாக இருந்தால் விளக்கை மஞ்சளாக மாற்று, இடைவெளியை அடை, ஒட்டடையை முட்டைப்பையோடு சேர்த்து எடு, மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பான். இங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் செருப்பு அலமாரி. அத்தான் பட்டறைக்குப் போட்டுப்போகும் ஷூ அங்கே இருந்தது.

"அதை வெயில்ல வெச்சுத் தலைகீழா தட்டிட்டேன்," என்றாள் அக்கா. "ஒண்ணும் விழல."

"சரி, நீ அத்தானுக்குத் தண்ணி குடு."

அவன் கையுறையை மாட்டிக்கொண்டு வலது ஷூவுக்குள் கையை விட்டான். விரல் முனையில் சுருக்கென்றது. டார்ச்சை அடித்தான். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்புச் சுருள் நின்றது. லேத்தில் சீவும்போது சுருண்டு விழுகிற, சூட்டில் நீலம் பாய்ந்த பிசிறு. முனை ஒடிந்திருந்தது. சுற்றிலும் உள்தோல் கறுப்பாக, காய்ந்த ரத்தத்தில் விறைத்துக் கிடந்தது.

அத்தானுக்கு வலி தெரியாது. சுருளின் மேலேயே நாள் முழுக்க நின்று வேலை பார்த்திருக்கிறார். அதன் முனை இன்னும் காலுக்குள் இருக்கிறது.

அவன் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். ஏன் போட்டான் என்று பின்னால் பலமுறை கேட்டுக்கொண்டான். அந்த நேரத்தில் கைக்கு மூளை தேவைப்படவில்லை.

"அக்கா, கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஏன்டா? மருந்து அடிக்கலையா?"

"விஷம்... விஷம் கொஞ்சம் உள்ள இறங்கியிருக்கும்போல. டாக்டர் பார்க்கட்டும்."

சொல்லிவிட்டான். இல்லாத சிலந்திக்கு இன்னும் ஒருமுறை உயிர் கொடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் மாப்ளே இருப்பாரு? நாளைக்குப் பார்க்கலாம்," என்றார் அத்தான்.

"இப்பவே அத்தான்."

அவன் குரலைக் கேட்டு வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. தூக்கமில்லாத கண்கள். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தார், விரலை அழுத்தினார், நர்சிடம் சீக்கிரமாக எதையோ சொன்னார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எட்டு நாளுங்க. சிலந்தி கடிச்சிடுச்சு."

"சிலந்தியைப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"அவரு பார்த்தாரா?"

"கடிச்சதே எனக்குத் தெரியாதும்மா," என்றார் அத்தான். "அவ்ளோ மரியாதையான சிலந்தி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சிலந்திக் கடின்னு சொல்லி மாசத்துக்குப் பத்துப் பேர் வர்றாங்க. சிலந்தியைக் கண்ணால பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்ல. முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ குத்தியிருக்கும், சீழ் வெச்சிருக்கும். உங்களுக்கு யாரு சொன்னது சிலந்தின்னு?"

"என் தம்பிங்க," என்றாள் அக்கா. அந்தக் குரலில் இன்னும் பெருமை மிச்சமிருந்தது. "இவன்தான். இவன் தொழிலே அதுதான்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"இவரு என்ன வேலை பார்க்கறாரு?" என்றார் டாக்டரம்மா, அத்தானைக் காட்டி.

"லேத் பட்டறையில," என்றான் பூச்சிக்காரன். சட்டைப் பைக்குள் கையை விட்டான். சுருளை எடுத்து மேசையில் வைத்தான். அது உருண்டு ஓர் ஓரத்தில் நின்றது. "சிலந்தி இல்ல மேடம். இதுதான் குத்தியிருக்கு. ஷூவுக்குள்ள இருந்தது. முனை ஒடிஞ்சிருக்கு."

டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உடனே எக்ஸ்ரே," என்றார் நர்சிடம். சக்கரக் கட்டில் நகர்ந்தது. போகும்போது அத்தான் தலையைத் திருப்பி, "மாப்ளே, அப்ப உன் சொந்தக்காரங்க மேல தப்பில்ல. என் சொந்தக்காரன்தான் குத்தியிருக்கான்," என்றார்.

அக்கா உறைந்துபோய் நின்றாள்.

"இது எப்ப கிடைச்சதுடா?"

"காலைல. ஷூவைப் பார்த்தப்ப."

"அப்பவே சொல்லலையே."

அவன் தரையைப் பார்த்தான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, உரிந்துபோன அந்தக் கையை அவன் தோளில் வைத்தாள்.

"பயந்துட்ட. தெரியுது. விடு. படத்துல என்னடா தெரியும், பாவம். நீ நேர்ல பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்ப. நான்தான் போட்டோவை நம்பிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம விட்டேன். தப்பு என்மேல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். நாலு பேர் நடுவில் அறைந்திருந்தால்கூடக் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றிருப்பான். அவள் மன்னித்துவிட்டாள், அதுவும் நடக்காத ஒன்றுக்காக. தப்பாகப் பார்த்தவனை மன்னித்தாள். பார்க்காமலே சொன்னவன் எதிரில் நிற்பது அவளுக்குத் தெரியாது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "அக்கா..."

"நான் அவரு கூட இருக்கேன்," என்று அவள் எக்ஸ்ரே அறைப் பக்கம் ஓடினாள்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவன் ஒன்றில் உட்கார்ந்தான். நான்கு நாற்காலி தள்ளி வக்கீல். கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"முதல் நாள் எப்படி இருந்தது? எவ்ளோ வேகமா பரவியிருக்குன்னு எனக்குத் தெரியணும். போட்டோ எடுத்ததா அம்மா சொன்னாங்களே."

"எடுத்தது நான்தான்," என்றாள் வக்கீல் எழுந்து. "அம்மா போன் வாளியில விழுந்து போச்சு. ஆனா மாமாகிட்ட இருக்கு."

அவள் கையை நீட்டினாள்.

அவனுக்கு ஏதேதோ தோன்றியது. சார்ஜ் இல்லை என்று சொல்லலாம். அழித்துவிட்டேன் என்று சொல்லலாம். கழிவறைக்குப் போய், கதவைச் சாத்தி, அங்கே அம்புக்குறியைத் தொட்டுப் படத்தை இறக்கிவிட்டு வந்து கொடுக்கலாம். ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரியாது. அவன் கால்கள் எழுந்திருக்கக்கூடப் பார்த்தன.

உள்ளே அத்தானின் கால் கறுத்துக்கொண்டிருந்தது. இந்தப் படத்தைப் பார்க்காமலே ஏற்கெனவே எட்டு நாள் போய்விட்டது.

போனைத் திறந்து அவளிடம் கொடுத்தான்.

வக்கீல் மேலே தள்ளிக்கொண்டே போனாள். சனிக்கிழமை வந்தது. அவளுடைய குரல் பதிவு. கீழே, பனிமூட்டம்போல மங்கலான கட்டம். நடுவில் அம்புக்குறி. அதற்குக் கீழே மாமாவின் பதில்.

அவள் விரல் நின்றது.

அம்புக்குறியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. பதில்தான் கையில் இருந்ததே.

விரலால் தொட்டாள். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. படம் தெளிந்தது.

அவனும் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தான். உள்ளங்காலில் எலுமிச்சை அளவுக்குச் சிவப்பு. நடுவில் கடுகளவு ஒரு துளை. மொபைல் வெளிச்சத்தில் அந்தத் துளைக்குள் ஏதோ நீலமாக மின்னியது. வக்கீல் இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இரும்பு. குழந்தைகூடச் சொல்லிவிடும். சாமணத்தால் அங்கேயே பிடித்து எடுத்திருக்கலாம்.

டாக்டரம்மா போனை வாங்கி உற்றுப் பார்த்தார். "முதல் நாளே தெரியுதே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனோடு உள்ளே போனார்.

வராந்தாவில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"கையுறை போட்டிருந்தேன்," என்றான் அவன். அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் அவன் சொன்னதில்லை.

"அம்மா ராத்திரியெல்லாம் தூங்காம சுவத்தைத் தேச்சாங்க மாமா," என்றாள் வக்கீல். "நான் டாக்டர்கிட்ட போலாம்மான்னு ரெண்டு தடவை சொன்னேன். மாமா பார்த்துட்டான், அவனுக்குத் தெரியாதாடின்னு என்னைத் திட்டினாங்க. ரெண்டு தடவையும்."

அவன் கையுறை இல்லாத தன் விரல்களைப் பார்த்தான்.

"தப்பா சொன்னீங்கன்னுதான் நான்கூட நெனச்சுட்டிருந்தேன்."

நர்ஸ் வந்து போனைத் திருப்பிக் கொடுத்தாள். வக்கீல் அதை வாங்கி, அணைத்து, அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"அப்பாவுக்கு ஆக வேண்டியது முதல்ல ஆகட்டும். அதுக்கப்புறம் அம்மாகிட்ட நீங்க சொல்றீங்க. இல்லன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா எப்படிச் சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும்."

வராந்தாவின் கோடியில் கதவு திறந்தது. அக்கா வந்தாள். நடையில் வேகமில்லை. கையில் இரண்டு தாள்கள், ஒரு பேனா.

"ரெண்டு விரலை எடுக்கணுமாம்டா. மிச்சக் காலைப் பத்தி எடுத்துப் பார்த்துட்டுத்தான் சொல்லுவாங்களாம். இதுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க." தாளை அவனிடம் நீட்டினாள். "எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது. நீ படிச்சுச் சொல்லு, போடலாமா வேணாமான்னு. படத்துல தெரியாதது தாள்ல தெரியும் இல்ல. நீ பார்த்துச் சொன்னா போதும், நான் போட்டுடறேன்."

பேனா மூடியை அவள் அதற்குள் கழற்றியிருந்தாள்.

பூச்சிக்காரன் தாளை வாங்கினான். முதல் வரியில் அத்தானின் வயது. இரண்டாவது வரியில் எந்தக் கால் என்று. மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். தாளைத் திருப்பி, பின்பக்கம் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டான்.

"என்னடா இவ்ளோ நேரம்?" என்றாள் அக்கா. "நீ ஒரு பார்வை பார்த்தாலே சொல்லிடுவியே."

எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி வக்கீல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடலாம்க்கா," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான். "போட்டுட்டு இங்க வந்து உக்காரு. அந்தப் படத்தைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

தாளின் மேல் இறங்கிய பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது. அக்கா நிமிர்ந்தாள்.

"எந்தப் படம்?"